மூடுவதெல்லாம் மாற்றமாகுமா?

ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை, 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் தன் உலைகளை அணைத்துக்கொண்டது. 1924இல் மூட்டிய நெருப்பு; நூறாண்டைக் கடந்து எரிந்த நெருப்பு; அந்நாட்டிலிருந்த ஒரே சுத்திகரிப்பாலையின் நெருப்பு! நாளொன்றுக்கு 1,50,000 பீப்பாய் கச்சா எண்ணெயை வடிக்கும் திறன் படைத்திருந்த அந்த ஆலையில் உழைத்து வந்தோருள் ஏறத்தாழ 400 பேருக்கு வேலை போயிற்று. அவர்களை நம்பியிருந்த ஒப்பந்தக்காரரையும், சரக்கு வண்டிக்காரரையும், கடை வைத்திருந்தோரையும் கணக்கில் சேர்த்தால் அந்த எண் ஆயிரக்கணக்கில் ஏறும்.

இந்தச் செய்தி கேட்டோர் சிலர் உள்ளத்திலே மகிழ்ச்சி அரும்பியிருக்கக்கூடும். குற்றமென்று கூறமாட்டோம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்தே உலகம் வெப்பமேறி வருகிறது. 2023இல் துபாயில் கூடிய உலக நாடுகள், படிம எரிபொருளை விட்டு விலகிச் செல்லவேண்டும் என்பதை எழுத்திலே ஒப்புக்கொண்டன. எனவே, ஓர் எண்ணெய் ஆலை மூடப்பட்டால் 'ஒரு கேடு ஒழிந்தது, மாற்றம் பிறந்தது' என்று எண்ணுவது இயல்பே.

ஆனால், பிறந்தது மாற்றந்தானா?

ஆலை மூடப்பட்ட பின்னர் அவ்விடம் என்ன ஆயிற்று என்று காண்போம். இறக்குமதிக் கிடங்காயிற்று! வேறெங்கோ வடித்தெடுத்த பெட்ரோலும் டீசலும் விமான எரிபொருளும் கப்பலேறி வருகின்றன. இறக்குகிறார்கள், தேக்குகிறார்கள், அனுப்புகிறார்கள். அதற்கு எழுபது பேரளவில் இருந்தால் போதும். எடின்பரோ நகரத்து மோட்டார் வண்டி, நேற்றுக் குடித்த பெட்ரோலில் ஒரு துளியேனும் இன்று குறைத்துக் குடிக்கிறதா? இல்லை. கிளாஸ்கோவிலிருந்து எழும்பும் விமானம் தன் தாகத்தை அடக்கிக்கொண்டதா? அதுவும் இல்லை. புகைபோக்கிதான் இடம் மாறியது. அந்த ஊரிலே குறைந்தது, ஊதியம் வாங்கும் கைகளின் எண்ணிக்கை.

ஆலையை மூடிய பெட்ரோஇனியாஸ் நிறுவனம், பூமியைக் காக்கும் பொருட்டு மூடுகிறோம் என்று சொல்லவில்லை. அந்த மட்டில் அவர்களுடைய ஒளிவு மறைவற்ற பேச்சைப் பாராட்டலாம். ஆலை நட்டத்தில் ஓடுகிறது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் எழுந்துள்ள புதுப் பேராலைகளோடு போட்டியிட இயலவில்லை. ஆகவே மூடுகிறோம் என்றார்கள். 2023 நவம்பரில் எண்ணத்தை வெளியிட்டார்கள். 2024 செப்டம்பரில் உறுதி செய்தார்கள். 2025 ஏப்ரலில் முடித்துவிட்டார்கள். நூறாண்டு வளர்ந்த ஒன்றை ஒழிக்கப் பதினேழே திங்கள்!

மாற்றம் என்பதை அந்த வட்டாரத்து மக்கள் அறியாதவர்களல்லர். ஜேம்ஸ் யங் என்னும் ஸ்காட்லாந்து வேதியியல் அறிஞர், நிலக்கரியிலிருந்து எண்ணெய் வடிக்கும் முறைக்கு 1850இல் காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டே பாத்கேட் எனுமிடத்தில் ஆலை நிறுவினார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் புகழ்பெற்ற எண்ணெய்க் கிணற்றைத் தோண்டியது 1859இல். யங்கின் ஆலை அதற்கு எட்டாண்டு மூத்தது. பின்னர் மேற்கு லோதியன் பகுதியிலே எண்ணெய் பொதிந்த பாறையை வெட்டி, உலையிலிட்டு வாட்டி, எண்ணெய் எடுக்கும் பெருந்தொழில் வளர்ந்தது. வாட்டி எறிந்த பாறைச் சக்கை செந்நிறக் குன்றுகளாய்க் குவிந்து இன்றும் அங்கே நிற்கிறது. பாரசீகத்து எண்ணெய் கப்பலில் மலிவாக வந்திறங்கத் தொடங்கியதும் பாறையெண்ணெயின் பொற்காலம் முடிந்தது. இன்றைய பி.பி. நிறுவனத்தின் மூதாதையான ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி, 1919இல் அந்தத் தொழிலைத் தன்வயப்படுத்திக்கொண்டு, 1924இல் கிரேஞ்ச்மவுத்தில் ஆலையைத் தொடங்கியது.

அங்கே தொடங்குவானேன்? துறைமுகம் இருந்தது, உண்மை. அத்துடன், எண்ணெயைக் காய்ச்சவும் வடிக்கவும் பழகிய கைகள் பக்கத்திலேயே இருந்தன. பழைய தொழிலிலே தேர்ந்த கைகள், புதிய தொழிலுக்கு முதலாயின. பாறைத் தொழில் அரசின் வரிச்சலுகையைப் பற்றிக்கொண்டு 1962 வரை உயிர் பிடித்திருந்து மறைந்தது. அந்த மாற்றத்திலும் அல்லல் உண்டு. சுரங்கத்தை நம்பிய சிற்றூர்கள் வாடின. எனினும் ஒரு கதவு அடைபடுமுன் மற்றொரு கதவு திறந்திருந்தது. அந்தத் தேர்ச்சி சிதறிப் போகாமல் நாற்பது கல் தொலைவுக்குள்ளேயே வேறோர் உலை கிடைத்தது. 2025இல் அப்படியொரு கதவு திறந்திருக்கவில்லை.

இத்தனைக்கும் அந்த ஆலையைக் காக்கத் தொழிலாளர் கொடுத்த விலை சிறிதன்று. 2008 ஏப்ரலில் ஓய்வூதிய உரிமைக்காக இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, வடகடலிலிருந்து வரும் ஃபார்ட்டீஸ் எண்ணெய்க் குழாயையே நிறுத்தவேண்டியதாயிற்று. அவர்கள் கையிலிருந்த வலிமை அவ்வளவு! 2013 அக்டோபரிலே அதே வளாகத்துப் பெட்ரோகெமிக்கல் ஆலையை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் அறிவித்தது. இரண்டே நாளில் தொழிற்சங்கம் இறங்கி வந்தது. மூன்றாண்டுக்கு ஊதிய உயர்வில்லை, வேலைநிறுத்தமில்லை, பழைய ஓய்வூதிய முறையும் இல்லை. இவ்வளவுக்கும் தலையசைத்து ஆலையை மீட்டார்கள். பக்கத்திலுள்ள சுத்திகரிப்பாலை, பன்னிரண்டாண்டு கழியுமுன் மூடப்பட்டது. விட்டுக் கொடுத்தால் வேலை நிலைக்கும் என்று பேசுவோர் இந்தக் கணக்கையும் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இனி, ஆலையின் சொந்தக்காரர் மாறிய வரலாற்றையும் பார்க்கவேண்டும். எண்ணெய்க் கம்பெனிகள் 'பசுமை'யாவது எங்ஙனம் என்பதை அது காட்டும். 2000ஆம் ஆண்டில் பி.பி. நிறுவனம், பெட்ரோலியத்துக்கு அப்பால் செல்லப் போவதாக விளம்பரம் செய்து, பச்சையும் மஞ்சளுமாய் ஒரு சூரியப் பூவைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. 2005இல் கிரேஞ்ச்மவுத் உள்ளிட்ட தன் வேதிப்பொருள் தொழிலை இனியாஸ் நிறுவனத்திடம் விற்றுவிட்டது. 2011இல் சீனத்துப் பெட்ரோசைனா அந்தச் சுத்திகரிப்பில் பங்காளியாயிற்று. விற்றவர் கணக்கிலே அந்தப் புகை மறைந்தது; வாங்கியவர் கணக்கிலே முளைத்தது; வானம் அந்தக் கணக்கைப் படிக்கவில்லை.

டென்மார்க்கின் கதை இன்னும் சுவையானது. டேனிஷ் எண்ணெய்-இயற்கை எரிவாயு என்னும் பெயரிலேயே எண்ணெயைத் தாங்கியிருந்த அரசு நிறுவனம், நிலக்கரியைக் குறைத்து, கடலிலே காற்றாலைகளை நட்டு, 2017இல் மின்காந்தவியல் அறிஞர் எர்ஸ்டெட்டின் பெயரைச் சூடிக்கொண்டது. உலகம் கைதட்டிற்று, நாமும் தட்டுகிறோம். கடற்காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதை மலிவாக்கியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருந்ததால்தான் அவ்வளவு நெடுங்காலத் திட்டம் இயன்றது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் அதனிடமிருந்த வடகடல் எண்ணெய், எரிவாயு வயல்கள் எங்கே போயின? மூடப்பட்டனவா? அதே 2017இல் இனியாஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன! குடியை விட்டவன் தன் வீட்டிலிருந்த குடத்தை அண்டை வீட்டானுக்கு விற்ற கதைதான்.

பி.பி.யின் வாக்குறுதி என்ன ஆயிற்று? 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 விழுக்காடு குறைப்போம் என்று 2020இல் உறுதி கூறினார்கள். 2023இல் அது 25 விழுக்காடாயிற்று. 2025 பிப்ரவரியிலோ, குறைப்பு என்ற பேச்சே கைவிடப்பட்டது. எண்ணெய், எரிவாயுவில் ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் முதலீடு. தூய்மை ஆற்றலுக்கென ஒதுக்கிய தொகையில் ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல் வெட்டு. பங்குதாரர் முகம் சுளித்தனர், பசுமை உதிர்ந்தது. கம்பெனியை நடத்துவோர் கெட்டவர்கள் என்பதா பொருள்? இல்லை. பங்கின் விலை ஏறவில்லையெனில் பதவியே போகும் என்ற நிலையில் நிற்பவன் தரும் வாக்குறுதி, அடுத்த காலாண்டுக் கணக்கு வரும் வரையில்தான் உயிரோடிருக்கும் என்பதே பொருள்.

'அப்படியானால் இந்தத் தொழில்கள் திருந்தவே மாட்டாவோ?' என்று கேட்பீர்களாயின், திருந்தியதுண்டு என்போம். குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான் புட்டியிலும் பயன்பட்ட குளோரோஃபுளூரோ கார்பன்கள், வானத்து ஓசோன் படலத்தை அரிக்கக்கூடும் என்று மோலினா, ரோலண்ட் என்ற இரு அறிஞர் 1974இல் எழுதினர். அப்பொருளை உலகிலேயே மிகுதியாகச் செய்து விற்ற டூபான் கம்பெனி, நம்பத்தக்க சான்று கிடைத்தால் உற்பத்தியை நிறுத்துவோம் என்று 1975இல் நாளேடுகளில் விளம்பரம் தந்தது. 1985இல் அண்டார்டிகா வானத்திலே ஓட்டை காணப்பட்டது. 1987 செப்டம்பர் 16இல் மாண்ட்ரீல் நகரில் உலக நாடுகள் கையெழுத்திட்டு, உற்பத்திக்கு வரம்பு கட்டின. டூபான், உற்பத்தியைப் படிப்படியாக அடியோடு நிறுத்துவதாக அறிவித்தது எப்போது? 1988 மார்ச்சில்! விளம்பரத்துக்கும் அறிவிப்புக்கும் இடையே பதின்மூன்று ஆண்டு. ஒப்பந்தத்துக்கும் அறிவிப்புக்கும் இடையே ஆறு திங்கள். மாற்றுப் பொருளைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் அந்தக் கம்பெனிக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தவேண்டிய கட்டாயம், கையெழுத்து விழுந்த பிறகே வந்தது.

சட்டம் வேண்டும் என்பது இதனால் விளங்கும். எத்தகைய சட்டம்? இங்கேதான் ஒரு மனிதரை நினைவுகூர வேண்டியிருக்கிறது.

டோனி மசோக்கி. 1926இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிலே சிப்பாய். பின்னர் அழகுப் பொருள் ஆலையிலே தொழிலாளி. அதன்பின் எண்ணெய், வேதிப்பொருள், அணுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவர். தொழிலாளியின் நுரையீரலும் குருதியும்கூட ஒப்பந்தப் பேச்சிலே இடம்பெறவேண்டும் என்று முழங்கியவர். 1970இல் அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததில் அவருடைய உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. 1973இல் ஷெல் கம்பெனியின் அமெரிக்க ஆலைகளில், உடல்நலப் பாதுகாப்புக் கோரி வேலைநிறுத்தம் நடந்தபோது, சுற்றுச்சூழல் இயக்கத்தாரைத் தொழிலாளரின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மரத்தைக் காப்பவனும் மனிதனைக் காப்பவனும் ஒரே அணியில் நின்றார்கள்!

அவருடைய சங்கத்தாரின் சங்கடம் எளிதானதன்று. அவர்கள் செய்த பொருள்களிற் பல நஞ்சு. நஞ்சென்று தெரிந்து தடைசெய்தால் ஊருக்கு நன்மை, அவர்களுக்கோ பட்டினி. தடை வேண்டாம் என்றாலோ முதலில் மாள்பவர்கள் அவர்களே. இந்த முடிச்சை அவிழ்க்க மசோக்கி தம் போர்க்கால அனுபவத்திலேயே விடை கண்டார். போர் முடிந்து திரும்பிய சிப்பாய்க்கு அமெரிக்க அரசு 1944இல் ஒரு சட்டம் செய்திருந்தது. கல்விச் செலவும் படிக்குங்காலத்து உதவித்தொகையும் பெற்று 78 இலட்சம் பேர் கல்வியோ பயிற்சியோ கண்டனர். சண்டைக்குப் போனவனுக்கு அது பிச்சையன்று, உரிமை. அதுபோலவே, நாட்டின் நலனுக்காக ஒரு தொழிலை நிறுத்தும்போது, அத்தொழிலில் நின்றவனுக்கும் முழு ஊதியமும் கல்வியும் தரவேண்டும் என்றார். லவ் கெனால் என்ற இடத்தில் வேதிக் கழிவு புதைத்த மண்ணின்மீது வீடு கட்டிக் குடியிருந்தோர் அல்லலுற்றதைக் கண்டு, 1980இல் அமெரிக்கா ஒரு நிதியம் அமைத்திருந்தது. எண்ணெய்க் கம்பெனிகள்மீதும் வேதிப்பொருள் கம்பெனிகள்மீதும் வரி விதித்து, கெட்ட மண்ணைத் துப்புரவாக்கும் நிதியம். மண்ணுக்கு நிதியம் உண்டெனில் மனிதனுக்கு ஏன் இல்லை என்பதே மசோக்கியின் கேள்வி. 'நியாயமான மாற்றம்' என்று இன்று மாநாட்டு மேடைகளிலெல்லாம் ஒலிக்கும் சொல், அந்தத் தொழிற்சங்கத்தின் அவையிலே முளைத்தது. 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின் முன்னுரையிலும் அது ஏறிவிட்டது. சொல் ஏறியது, நிதியம் ஏறவில்லை. மசோக்கி 2002இல் மறைந்தார். மண்ணுக்கான வரியையுங்கூட 1995இல் காலாவதியாக விட்டுவிட்டு, 2021, 2022ஆம் ஆண்டுச் சட்டங்களாலேதான் மீண்டும் கொண்டுவந்தார்கள்.

'நட்டத்தில் ஓடும் ஆலையை என்றென்றும் ஓட்டு என்கிறீர்களா?' என்று நம்மைக் கேட்பார்கள். இல்லை. எண்ணெய் ஆலைகள் மூடத்தான் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக மூடத்தான் வேண்டும். இலாபம் கொழித்த ஆண்டுகளில் எடுத்து வைக்காமல், நட்டம் வந்த ஆண்டில் கையை விரிப்பதைத்தான் ஒப்பமாட்டோம். இது புதுமையான கோரிக்கையும் அன்று. வடகடலிலே எண்ணெய்க் கிணற்றுமேடை அமைத்தவன், எண்ணெய் வற்றியபின் அதை அகற்றியே தீரவேண்டும் என்று பிரிட்டனின் 1998ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் விதிக்கிறது. வயலை வேறொருவருக்கு விற்றுவிட்டாலும், வாங்கியவர் கைவிட்டால் விற்றவரைத் தேடிப் பிடிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. (அகற்றும் செலவிலும் வரிச்சலுகையாக ஒரு பகுதியை அரசே தருகிறது என்பது வேறு கதை.) ஆகக் கடலில் நிற்கும் இரும்புக் காலுக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது. அதே எண்ணெயை வடித்த மனிதனுக்கோ பணிநீக்கத் தொகையும், அரசுச் செலவில் சில பயிற்சி வகுப்பும்!

செர்மனி ஓரளவு செய்து காட்டியது. 2038க்குள் நிலக்கரியை விட்டொழிப்பதென 2020இல் சட்டம் இயற்றியபோது, நிலக்கரி வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. 58 வயது கடந்த தொழிலாளிக்கு, ஓய்வூதியம் தொடங்கும் வரை ஐந்தாண்டு அளவும் இடைக்கால உதவித்தொகை. குறை இல்லாமலில்லை. கம்பெனிகளுக்கும் 435 கோடி யூரோ இழப்பீடு என்று வாரி வழங்கியதை நாம் மெச்சமாட்டோம். ஆயினும், மூடும் தேதியும் தொழிலாளிக்குரிய தொகையும் ஒரே காலத்தில் சட்டமாயின. அது கிரேஞ்ச்மவுத்தில் நடக்கவில்லை.

அங்கே நடந்தது என்ன? லண்டன் அரசும் எடின்பரோ அரசும் பணம் போட்டு, 'வில்லோ திட்டம்' என்னும் ஆய்வறிக்கையை 2025 மார்ச்சில் வெளியிட்டன. பிளாஸ்டிக்கை மீண்டும் மூலப்பொருளாக்குவது, தாவரக் கழிவிலிருந்து எரிபொருள் செய்வது, ஹைட்ரஜன் என ஒன்பது வழிகள். நல்ல வழிகளே, அந்தத் தொழிலாளரின் கைத்திறனுக்கு ஏற்றவையே. ஆனால் 350 கோடி பவுன் தனியார் முதலீடு வந்தால், 2040க்குள் 800 வேலைகள் வரை பிறக்கலாமாம். அறிக்கை மார்ச்சில், உலை அணைந்தது ஏப்ரலில், வேலை 2040இல்! ஐம்பது வயதுக் கொதிகலன் தொழிலாளி 2040 வரை எதை உண்டு காத்திருப்பான்? அரசு 20 கோடி பவுன் தருவதாகப் பிரதமர் ஸ்டார்மர் 2025 பிப்ரவரியில் அறிவித்தார். அதுவும் முதலீடு செய்ய எவரேனும் முன்வந்தால் இறங்கும் பணம். அதே பிரிட்டிஷ் அரசு, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலே இனியாஸ் கட்டிவரும் எத்திலீன் ஆலைக்கு 70 கோடி யூரோக் கடன் உத்தரவாதம் தந்திருக்கிறது. பிரிட்டனில் விற்பனைக்குரிய இயந்திரங்கள் இருப்பதால் ஏற்றுமதிக்கு உதவுகிறோம் என்பார்கள். இருக்கட்டும். கிரேஞ்ச்மவுத்துக்காரன் அந்தச் செய்தியைப் படிக்கும்போது அவன் நெஞ்சு என்ன பாடுபடும்?

கிரேஞ்ச்மவுத்தோடு முடியவில்லை. 2025 ஜூனில் இங்கிலாந்தின் லிண்ட்ஸே சுத்திகரிப்பாலையை நடத்திய நிறுவனம் நொடித்துப் போயிற்று. 2025 நவம்பரில், ஃபோர்த் கழிமுகத்தின் மறுகரையில் மாஸ்மாரனிலுள்ள தன் எத்திலீன் ஆலையை 2026 பிப்ரவரியில் மூடுவதாக எக்சான்மொபில் அறிவித்தது. பதினேழு திங்கள் என்று மேலே வியந்தோமே, இங்கே மூன்றே திங்கள். பிரிட்டனில் இன்னும் ஃபாலி, ஹம்பர், பெம்புரோக், ஸ்டான்லோ ஆகிய நான்கு சுத்திகரிப்பாலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிணற்றுமேடைக்கு 1998இல் எழுதிய விதியை அந்த நான்கு ஆலைகளின் தொழிலாளருக்கும் நீட்டி எழுதட்டும். மூடும் தேதியைப் பல ஆண்டுகள் முன்னரே அறிவிக்கவேண்டும். இலாப ஆண்டுகளிலேயே நிதியத்துக்குப் பணம் கட்டவேண்டும். ஆலையை விற்றாலும் அந்தக் கடன் விற்றவனை விட்டு நீங்காது என்று எழுதட்டும். அந்த நான்கின் உலைகள் எரிந்துகொண்டிருக்கும்போதே எழுதட்டும்.